தூசென்று நாங்கள் அள்ளிக் கொட்டியது

மீபோத் நகர், ஹாஜி வஹாப்ஸாதே பீங்கான் தொழிற்கூடத்தில் நேர்ந்த தீ விபத்துத் தொடர்பாக, நகரக் காவல் நிலையத்தில், விசாரணை அலுவலர் முன்னிலையில் சாட்சி தாமே முன்வந்து அளித்த வாக்குமூலம்.

பெயர்: ஹோமா சத்ராபாதி. தந்தை பெயர்: காலஞ்சென்ற கலந்தர் சத்ராபாதி. அகவை: நாற்பத்தொன்று. தொழில்: மேற்படி தொழிற்கூடத்தில் களிமண், மெருகு ஆகியவற்றை ஆயும் ஆய்வகத்தின் பொறுப்பாளர். முகவரி: மீபோத், பழைய கோட்டையின் பின்தெரு, நீலக்கதவு வீடு.

நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து வருகின்றேன். எவருடைய தூண்டுதலும் அச்சுறுத்தலும் இன்றி, முழு நினைவோடு இதனைக் கூறுகின்றேன். உடல் வெந்து, யஸ்த் மருத்துவமனையில் நினைவின்றிக் கிடக்கும் யதுல்லாஹ் என்பவர் என் தமக்கை பதூலின் கணவர். சூளையை அளவு மீறி எரித்து அவரை அந்நிலைக்கு ஆளாக்கியதாக என் தமக்கை அளித்த மனுவின் பேரில் குற்றஞ்சாட்டப்பட்டு, இந்நிலையத்தின் காவலறையில் இருக்கும் நௌசர் என்பவர் எங்கள் சூளைத் தலைவர். முன்னவர் எனக்கு உறவினர். பின்னவர் எனக்கு எவ்வகையிலும் உறவினர் அல்லர். இருப்பினும் பின்னவர் பொருட்டே நான் இங்கு வந்துள்ளேன். இதை என் தமக்கை அறிவார். நிலையத்தின் வாயிலில் அமர்ந்திருக்கும் அவரைக் கடந்துதான் உள்ளே வந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்கள் தொழிற்கூடத்தில் பெரிய சூளை ஒன்றே உள்ளது. அது இரும்புத் தகட்டால் ஆன பெருங்கூண்டு. அதன் உட்சுவருக்கும் உட்கூரைக்கும் செங்கல் கிடையாது. பீங்கான் இழையால் ஆன வெண்கம்பளியே போர்வை. கற்பொருளை உருக்கி, ஊதி, நூலாக்கி, மெத்தைபோல் அடுக்கிச் செய்யப்படும் அக்கம்பளி ஆணிகளால் கூரையில் தொங்கவிடப்பட்டிருக்கும். உள்ளே தீ கொழுந்துவிட்டாலும் வெளித்தகடு கை பொறுக்கும் சூட்டிலேயே இருப்பதற்கு அதுவே காரணம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அதனைப் பொருத்தியபோது, எங்கள் சூளையின் வெப்பத்தில் அது கருகாது என்று விற்றவர் உறுதி கூறினார். கருகவில்லை. ஒன்பது ஆண்டுகளில் ஒரு நாளும் அது நிறம் மாறவில்லை. எங்கள் அனைவரையும் ஏமாற்றியது அவ்வெண்மையே.

நவ்ரூஸ் ஆண்டுப் பிறப்புக்கு முன் வீடுகளில் கம்பளங்களை உலுக்கி, சுவர்களைத் தட்டி, மூலை முடுக்கெல்லாம் தூசு போக்குவது எங்கள் வழக்கம் என்பதை அலுவலர் அறிவார். எங்கள் தொழிற்கூடத்திலும் ஆண்டின் இறுதி வியாழக்கிழமையன்று அது நடைபெறும். இவ்வாண்டும் சன்னல்கள் கழுவப்பட்டன; தொழுகை அறையின் கம்பளங்கள் முற்றத்தில் போடப்பட்டு அடிக்கப்பட்டன; சூளை ஆறிக் கிடந்தது. நௌசர் அன்று விடுப்பில் இருந்தார். தம் மகளை அழைத்துவர இஸ்ஃபஹான் சென்றிருந்தார். அதன் பின்னர், எல்லாரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, யதுல்லாஹ் கம்பளம் அடிக்கும் பிரம்பைத் தோளில் சார்த்தியவாறு சூளை வாயிலில் வந்து நின்றார். அவர் கூறிய சொற்கள் எனக்கு அப்படியே நினைவில் உள்ளன.

"எல்லா வீட்டயும் தட்டியாச்சு. நெருப்பு குடியிருக்கற வீட்ட மட்டும் விட்டா அதுக்குக் கோவம் வராதா? ஒம்பது வருஷமா இந்தக் கம்பளத்துல ஒரு அடி விழல. நௌசரோட மீசையும் இந்தச் சூளையும் ஒண்ணு. ரெண்டையும் தட்டிப் பாத்தாத்தான் எவ்வளவு தூசுன்னு தெரியும்!"

அனைவரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். கம்பளி என்றால் தட்ட வேண்டும் என்பது இவ்வூரில் பிறந்த எவருக்கும் கற்பிக்கப்படாமலே கைவந்த அறிவு. கம்பளத்தின் மேல் தவழ்ந்து, கம்பளத்தின் மேல் உண்டு, கம்பளத்தின் மேல் உயிர்விடும் மக்கள் நாங்கள். அதைத் தட்ட வேண்டாம் என்று கூற எங்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றே.

"அத்தான், மூக்கக் கட்டிக்கிட்டு உள்ள போங்க. அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது" என்றேன்.

"கொழுந்தியா சொன்னா மூக்கென்ன, வாயையும் சேத்தே கட்டிக்கிறேன். உங்கக்கா உனக்கு தர்காவே கட்டுவா" என்று கூறி, கழுத்துத் துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே புகுந்தார்.

அதன் பின்னர் அவர் அடிக்கலானார். முதலில் சுவரை அடித்தார். அதன் பின்னர் ஏணியிட்டு ஏறிக் கூரையை அடித்தார். வெண்தூசு பொழிந்தது. அடிக்க அடிக்க அது குறையும் என்று எதிர்பார்த்தோம். குறையவில்லை, மிகுந்தது. அதைக் கண்ட யதுல்லாஹ்வுக்கு ஊக்கமும் மிகுந்தது. காற்றழுத்தக் குழாயை இழுத்துவரச் செய்து, கூரை முழுதும் ஊதினார். சூளையின் தரையில் உப்பளம்போல் வெண்பொடி குவிந்தது. அதனை வாரி, சாக்குகளில் அடைத்து, பின்புறப் பள்ளத்தில் கொட்டினோம். ஓசை கேட்டு உரிமையாளர் ஹாஜி வஹாப்ஸாதே அங்கு வந்தார்.

"பாருங்க ஹாஜி ஐயா, இவ்வளவு அழுக்கயும் வயித்துல வெச்சிக்கிட்டுத்தான் பாவம் இது வெந்துக்கிட்டு இருந்திருக்கு" என்றார் யதுல்லாஹ்.

ஹாஜி உள்ளே எட்டிப் பார்த்தார். தட்டிய கூரை பால்போல் வெளுத்திருந்தது. "அடடா, புத்தம் புதுசாயிடுச்சே! மாத்தணும் மாத்தணும்னு நௌசரு ரெண்டு வருஷமா என் உசுர வாங்கிக்கிட்டு இருந்தான். இது இன்னும் பத்து வருஷம் ஓடும்டா. நல்லா அடி" என்றார். இதனை என் செவியால் கேட்டேன்.

சனிக்கிழமை காலை நௌசர் திரும்பி வந்தார். சூளைக்குள் நுழைந்து கூரையை அண்ணாந்து பார்த்து, "எவன்டா என் பொண்ணுக்கு மாவு பூசினது?" என்றார். சூளையை அவர் அவ்வாறுதான் அழைப்பார்.

"நான்தான். நவ்ரூஸுக்குப் பொண்ணு பாக்க வருவாங்கள்ல, அழகா இருக்க வேணாமா?" என்றார் யதுல்லாஹ்.

"நீ தொட்டது எதுடா வெளங்கிருக்கு?" என்று நௌசர் கேட்டார். இருவரும் இருபது ஆண்டுகளாக இவ்வாறுதான் உரையாடி வருகின்றனர். ஒருவரையொருவர் ஏசாத நாளில் அவர்களுக்கு உணவு செரிக்காது. இதனைப் பகை என்று எழுதிக்கொள்ள வேண்டா என்று அலுவலரைக் கேட்டுக்கொள்கின்றேன்.

அதன் பின்னர், பண்டிகை விரிப்பில் வைக்கும் கிண்ணங்களின் இறுதிச் சுமை சூளைக்குள் ஏற்றப்பட்டது. நௌசர் வழக்கம்போல் கண்ணேறு கழிய ஒரு பிடி இஸ்ஃபந்து விதையைத் தீயில் தூவிச் சூளையைப் பற்றவைத்தார். மறுநாள் நண்பகல் உணவின்போது, வண்ணப்பூச்சு தீயும் நாற்றம் வந்தது. நான் ஆய்வகத்திலிருந்து வெளியே வந்தேன். சூளையின் மேல்தகட்டில், ஒரு தொழுகை விரிப்பின் அகலத்திற்கு, மாதுளைச் செம்மை படர்ந்திருந்தது. உள்ளே கம்பளி விழுந்துவிட்டது. விழும் ஓசையை எவரும் கேட்கவில்லை. கம்பளி விழுந்தால் ஓசை எழாது.

நான் கத்தினேன். அதற்குள் கூரைத் தகட்டின் மீது செல்லும் எரிவாயுவின் இரப்பர்க் குழாய் உருகி, அதன் வாயில் தீப்பற்றியது. நௌசர் உணவை விட்டெறிந்து, வெளிச்சுவரில் உள்ள தலைக்குழாயை அடைக்க ஓடினார். ஓடும்போது திரும்பிப் பார்த்தார். யதுல்லாஹ் கூரையில் உள்ள எரிவாயுக் குமிழைத் திருகி அடைப்பதற்காக ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார்.

"ஏறாதடா! கிறுக்குப்பயலே, எறங்கு! நான் வெளிய அடைக்கிறேன்!" என்று நௌசர் அலறினார்.

"நீ ஆடி அசைஞ்சு போய் அடைக்கறதுக்குள்ள நவ்ரூஸே வந்துரும்!" என்றார் யதுல்லாஹ்.

அவர் இறுதியாகப் பேசியது அதுவே. குழாய் முழுதும் அறுந்து தீ சீறியது. நௌசர் தலைக்குழாயை அடைத்துவிட்டு வந்து, அவரைத் தோளில் சுமந்து இறக்கினார். நௌசரின் புருவங்கள் கருகியது அப்பொழுதுதான். நௌசரே அவரை மேலே ஏற்றிவிட்டதாக என் தமக்கையிடம் கூறியவர் யாரென எனக்குத் தெரியாது. கூறியது பொய். நான் இருவரிடமிருந்தும் பத்தடித் தொலைவில் நின்றேன்.

மறுநாள் ஹாஜி என்னைத் தம் அறைக்கு அழைத்தார். தேநீர் தந்தார். கண் கலங்கினார். அதன் பின்னர், "ஹோமா, நீ என் மக மாதிரி. சூடு அளவுக்கு மேல போச்சுன்னு ஆய்வகத்துலேர்ந்து ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்துரு. நௌசர் அவசரப்பட்டுட்டான். பண்டிகைக்கு வீட்டுக்கு ஓடணும்னு சூட்ட ஏத்திட்டான். உன் அக்கா புருஷனுக்கு நியாயம் கெடைக்க வேணாமா?" என்றார். அச்சொற்கள் எனக்கு நியாயமாகவே பட்டன. நானும் அவ்வாறே நடந்திருக்கும் என்று நம்பினேன். நம்பித்தான் சான்று தேடிச் சூளைக்குள் சென்றேன். நௌசர் மீது குற்றத்தை மெய்ப்பிக்கவே சென்றேன் என்பதை அலுவலர் குறித்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

முகத்தை மூடிக்கொண்டு உள்ளே நுழைந்து, முதலில் வெப்பக் கூம்புகளைத் தேடினேன். அவை குறித்த வெப்பம் வந்தவுடன் தலை சாயும்படி செய்யப்பட்ட சிறு களிமண் கூம்புகள். ஒவ்வொரு சுமையுடனும் மூன்றை வைப்போம். முதற்கூம்பு படுத்திருந்தது. வழக்கமான வெப்பத்துக்குரிய இரண்டாங்கூம்பு தலைசாயத் தொடங்கி நின்றிருந்தது. அளவு மீறினால் சாய வேண்டிய மூன்றாங்கூம்பு, வைத்தது வைத்தபடி, ஊசிபோல் நிமிர்ந்து நின்றது. வெப்பம் மிகவில்லை. நான் அக்கூம்பைக் கையில் எடுத்து அதன் எண்ணைச் சரிபார்த்தேன்.

அதன் பின்னர், விழுந்து கிடந்த கம்பளியைத் தூக்க முயன்றேன். வெண்மையாகவும் தடிப்பாகவும் கிடந்தது. பழுதற்ற மெத்தை என்று எவரும் கூறுவர். இரு கைகளாலும் பற்றித் தூக்கினேன். கையில் ஒன்றும் வரவில்லை. பற்றிய இடம் பொடியாகி விரல்களுக்கிடையே வழிந்தது. காய்ந்த ரொட்டியை நொறுக்கினாலும் துண்டுகள் எஞ்சும். இதில் துண்டும் எஞ்சவில்லை. என் கண் கம்பளி என்றது. என் கை மாவு என்றது. வேறோர் இடத்தைப் பற்றினேன். அங்கும் அதே. நான் எழுந்து வெளியே சென்று கைகளைக் கழுவிக்கொண்டு மீண்டும் வந்தேன். கையில்தான் ஏதோ பிழை என்று எண்ணினேன்.

அதன் பின்னர், கம்பளியின் இரு பகுதிகளைத் தகட்டில் ஏந்தி ஆய்வகத்திற்குக் கொண்டுவந்தேன். ஒன்று, தீயின் முகத்தில் இருந்த பகுதி. மற்றொன்று, கூரையின் விழாத ஓரத்தில், அதே கம்பளியின் பின்புறம், தகட்டை ஒட்டி வெப்பம் குறைவாகப் பட்ட பகுதி. பின்பகுதியை அழுத்தினால் பஞ்சுபோல் மீண்டெழுந்தது. அதன் சிறு திரியில் துலாத்தட்டைத் தொங்கவிட்டு எடைக்கற்களை வைத்தேன், தாங்கியது. முன்பகுதியின் திரியில் வெறுந்தட்டைத் தொங்கவிடும் முன்பே அது அறுந்தது. பல முறை செய்து பார்த்தேன். ஒரு முறையும் அது தட்டைத் தாங்கவில்லை.

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். பின்பகுதி இழைகள் வழவழப்பான கண்ணாடிக் கோல்களாக இருந்தன. முன்பகுதி இழைகள் மணிமணியாக இருந்தன. இறைநாமம் எண்ணும் தஸ்பீஹ் மணிகளை வரிசையாக அடுக்கிவிட்டு நூலை மட்டும் உருவிவிட்டால் எவ்வாறு இருக்குமோ, அவ்வாறு இருந்தன. அலுவலர் விளக்கம் கேட்டமையால் கூறுகின்றேன்: அவ்விழை பிறக்கும்போது கண்ணாடி. கண்ணாடியாக உள்ளவரை வளையும், தாங்கும். பெருவெப்பத்தில் நெடுங்காலம் இருக்க இருக்க, அதனுள் நுண்ணிய படிகங்கள் முளைத்து வளர்கின்றன. வளர்ந்த படிகம் ஒவ்வொன்றும் இழையின் தடிப்பை எட்டும்போது, இழை என்ற ஒன்று இல்லை. படிகங்களின் அணிவகுப்பே உள்ளது. சூளை ஆறும்போதெல்லாம் படிகங்கள் சுருங்கி இடையே விரிசல் விடுகின்றன. அப்பொழுதும் அது வெண்மையாகவே இருக்கும். வெப்பத்தையும் தடுக்கும். அசைக்காதவரை தொங்கிக்கொண்டும் இருக்கும். எவ்வளவு வெப்பம் தாங்கும் என்று விற்றவர் கூறினார். எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்று அவர் கூறவில்லை, நாங்கள் எவரும் கேட்கவுமில்லை. மாற்ற வேண்டும் என்று நௌசர் ஒருவர் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் அது சுருங்கி இடைவெளி விட்டதைக் கண்டு சொன்னாரேயன்றி, இதனை அறிந்து சொல்லவில்லை.

நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்தபோதுதான் பின்புறப் பள்ளம் என் நினைவுக்கு வந்தது. சாக்குகளில் அள்ளிக் கொட்டிய பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து வந்து பார்த்தேன். அதில் மண் இல்லை. கரி இல்லை. ஒட்டடை இல்லை. நூலறுந்த அதே மணிகள். அன்று நாங்கள் சூளையின் அழுக்கை அகற்றவில்லை. சூளையின் கூரையையே அடித்து உதிர்த்து, சாக்கில் கட்டி, சிரித்துக்கொண்டே கொட்டினோம். அடிக்க அடிக்கத் தூசு மிகுந்தது ஏன் என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கியது.

அடிக்காமல் இருந்திருந்தால் கூரை விழுந்திராதா என்று அலுவலர் வினவினார். என்றேனும் விழுந்திருக்கும். அது என்று என்பதை என்னால் கூற இயலாது. அன்று விழுந்திராது. அடித்ததில் பிடிப்பு விட்டு எஞ்சிய கம்பளி, அடுத்த வெப்பத்திலேயே ஆணிகளை விட்டு நழுவியது. இதில் நௌசரின் கை எங்கும் படவில்லை. அடித்தபோது அவர் ஊரிலேயே இல்லை.

யதுல்லாஹ் குற்றவாளியா என்று அலுவலர் வினவினார். தெரிந்தே செய்பவனே குற்றவாளி என்பது என் எண்ணம். அவர் தம் வீட்டுக் கம்பளத்துக்குச் செய்வதைத் தொழிற்கூடத்துக்கும் அன்பாகச் செய்தார். ஆனால் செய்தவர் அவரே. இவ்வுண்மையைக் கூறினால், வெந்து கிடப்பவர் தலையிலேயே பழியும் விழும் என்று என் தமக்கை நேற்று என்னிடம் கூறினார். "வாய் தொறந்து பதில் சொல்ல முடியாத மனுஷன் மேல நீ சாட்சி சொல்லுவியாடி? நம்ம வீட்டு உப்பத்தான தின்ன?" என்று கேட்டார். கூறாமல் விட்டால், காவலறையில் இருப்பவர் தாம் செய்யாத ஒன்றுக்காகப் பல ஆண்டுகள் உள்ளே இருப்பார். ஆகவே வந்தேன். ஹாஜி கேட்ட அந்த ஒரு வரியை எழுதித் தர மறுத்தும்விட்டேன்.

என் வேண்டுகோளின்படி, இவ்வாக்குமூலம் எனக்குப் படித்துக்காட்டப்பட்டபோது என் தமக்கை பதூல் உள்ளே அழைக்கப்பட்டு உடன் இருந்தார். முழுவதையும் தலை குனிந்து கேட்டார். யதுல்லாஹ் கூரையை அடித்தார் என்ற இடம் வந்தபோது, "அடிச்சார்னு எழுதாதீங்க ஐயா. தொடச்சார்னு போடுங்க. அவர் அடிக்கிற ஆளில்ல" என்று அலுவலரைக் கெஞ்சினார். அலுவலர் என் முகத்தைப் பார்த்தார். துடைத்திருந்தால் கூரை உதிர்ந்திராது என்பதையும், அச்சொல்லை மாற்றினால் நௌசரின் விடுதலையும் மாறும் என்பதையும் எடுத்துரைத்து, மாற்ற இயலாது என்றேன். என் தமக்கை என்னைப் பார்க்கவில்லை.

அதன் பின்னர் அவர் தாமே கூறியது: "அன்னிக்கி வீட்டுக்கு வந்தப்ப தலையெல்லாம் வெள்ள. கெழவனாட்டம் நின்னாரு. 'பதூலு, இன்னிக்கி நான் அடிச்ச அடியில சூளையே புதுசாயிடுச்சு'ன்னாரு. அடிச்சேன்னுதான் சொன்னாரு. அப்படியே இருக்கட்டும்." அலுவலர் எழுதுகோலை எடுத்தபோது மேலும் கூறினார்: "நௌசர் மேல நான் குடுத்த மனுவக் கிழிச்சிப் போடுங்க. அந்த மனுஷன வெளிய விடுங்க. எங்கூட்டுக்காரரு கண்ணு முழிச்சா வம்பிழுக்க அவருக்கு வேற ஆளில்ல."

அவர் கூற்றும் என் கூற்றோடு சேர்த்து எழுதப்பட்டது. இதில் கண்டுள்ளவை யாவும் நான் கண்ணால் கண்டவையும், செவியால் கேட்டவையும், என் கையால் ஆய்ந்து அறிந்தவையுமே ஆகும். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. படித்துக்காட்டக் கேட்டு, சரியென ஏற்று, ஒப்பமிடுகின்றேன்.

(ஒப்பம்) ஹோமா சத்ராபாதி

உடனிருந்து கேட்டவர்: (கைரேகை) பதூல், யதுல்லாஹ்வின் மனைவி

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது: (ஒப்பம்) விசாரணை அலுவலர்